கிரேக்கத்தார் எனக்குத் தராத சாவு

மொன்ட்ரியால் தமிழ் மேடையில் சாவை ஒழித்தவர் ஒரே ஒருவர்தான்: கிரேக்கத்தார். அவருடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

கனடாவுக்கு வரும் வழியில் எங்களில் சிலர் மொஸ்கோவில் அடைபட்டோம், சிலர் பாங்கொக்கில். அவரை, ஆட்களைக் களவாகக் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஏதென்ஸில் பதினொரு மாதம் விட்டுவிட்டான். மலைச்சரிவில் இருந்த பழைய நாடக அரங்கின் வேலியோரம் நின்று, வழிகாட்டிகள் உல்லாசப் பயணிகளுக்குச் சொன்னதையெல்லாம் தினமும் இலவசமாகக் கேட்டிருக்கிறார். மொஸ்கோவில் நான் சீட்டாடக் கற்றேன். அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்து நாடகக்கலையோடு வந்து இறங்கி, கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளும் வேலையில் சேர்ந்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் கோவில் பங்கின் நத்தார் ஒளிவிழா நாடகத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். அரசன் வேடம் எனக்கு. திறமைக்காக அல்ல, மண்டபத்தில் இருந்த ஒரே அரச உடுப்பு என் வயிற்றுக்குத்தான் பொருந்தியது. கடைசியில் அரசன் குத்துப்பட்டுச் சாகவேண்டும். எங்கள் கூத்தில் அரசன் இலேசில் சாகமாட்டான். விழுவான், எழுவான், பாடுவான், எல்லாரையும் மன்னிப்பான், பிறகு மறுபடியும் விழுவான்.

அந்தச் சாவை நான் பெரிதும் நம்பியிருந்தேன். மன்னாரிலிருந்து வந்து இரண்டு மாதமாகியும் மாமி, என் மனைவியின் தாய், என்னை ஒருமுறைகூட மருமகன் என்று கூப்பிடவில்லை. அவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மகள். "விழத் தெரியாதவன் என்ன நடிகன்?" என்பது அவருடைய கட்சி. ஆகவே மூன்று வாரம் வீட்டில் விழுந்து பழகினேன். கீழ்வீட்டு அம்மாள் வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையில் இடித்துப் பிரெஞ்சில் ஏசினார்.

முதல் ஒத்திகையில் கிரேக்கத்தார் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய வட்டம் கீறினார். சுற்றிவர அரைவட்டமாகக் கதிரைகள். பின்னால் ஒரு கதவு வைத்த பலகை வீடு.

"நீர் உள்ளுக்கை போய்ச் சாவும்."

"உள்ளுக்கையோ? ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கக்கூடாது. கிரேக்கத்தில சனத்துக்கு முன்னால ஆளைக் கொல்லுறேல்லை. தூதுவன் வந்து சொல்லுவான். பேந்து உம்மை வண்டிலில வெளியால தள்ளுவம். இந்தாரும், முகமூடி."

"இதையும் போட்டா நான்தான் எண்டு மாமிக்கு என்னெண்டு தெரியும்?"

"வயிறு தெரியுந்தானே."

விழாவன்று நான் ஒரு முடிவோடுதான் கதவுக்குள் போனேன். சட்டைக்குள் தக்காளிச் சோஸ் பை. தூதுவன் வாயைத் திறந்ததும் வெளியே பாய்ந்து, கால் மணித்தியாலமாவது சாவது. கதவில் கை வைத்துவிட்டேன்.

தூதுவன் கிரேக்கத்தார்தான். பூசை நேரத்திலேயே பற்றீஸ் பலகாரப் பைகள் சரசரக்கும் மண்டபம் அது. அன்று ஒரு சத்தமில்லை.

"ராசா வாசலடியில விழுந்தாராம். தண்ணி கேட்டவராம். நான் கிட்ட நிக்கேல்லை. எனக்குச் சொன்னதைத்தான் சொல்லுறன்."

வெளியே இருந்த எல்லாருக்கும் சாவு அப்படித்தான் வந்திருந்தது. ஊரில், எங்கோ தூரத்தில் நடந்ததை யாரோ தொலைபேசியில் சொல்வார்கள். என் அப்பாவின் சாவையும் நான் கேட்டேன், பார்க்கவில்லை.

கதவிலிருந்து கையை எடுத்தேன். நின்ற இடத்திலேயே, யாரும் பார்க்காமல், செத்தேன்.

பிறகு என்னை வண்டிலில் ஏற்றித் தள்ளினார்கள். அது மண்டபத்துக் கதிரைகளை ஏற்றும் வண்டில். ஒரு சில்லு பழுது. வட்டத்தைத் தாண்டி ஓடி, முன்வரிசையில் மாமியின் காலடியில் முட்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடி முகத்தை மறைத்தது, வயிறு குலுங்கியது.

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தார். "மருமோன், வயித்தை ஆட்டாமல் படுத்திருங்கோ."

சில வருடம் கழித்துப் பித்தப்பையில் கல் என்று என்னைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலைத் தள்ள வந்தவர் கிரேக்கத்தார். நான்கு சில்லும் நேராக ஓடின. நான்தான் கட்டில் கம்பியை விடவில்லை. கதவடியில் நிறுத்தினார்.

"கண்ணை மூடும். இந்த முறையாவது சிரிக்காதையும்."

"அண்ணை, மாமியும் மனிசியும் வெளியால இருக்கினம்."

"தெரியும். உள்ளுக்கை நடக்கிறதைப் போய்ச் சொல்ல நான் இருக்கிறன்."

அவர் சொன்னால் சனம் நம்பும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.