மாத்திரை மட்டும் போடுகிறவர்

சுகர் இல்லாத சுகர்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தியில் இலை போட்டதும் சட்டைப் பைக்குள் விரலைவிட்டு, சரசரவென்று எதையோ பிய்த்து, பக்கத்து இலைக்காரர் குனிகிற நேரம் பார்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, நிமிர்ந்த முகத்தோடு ஜிலேபி தின்கிறவர். கேட்டுப் பாருங்கள். "சுகருன்னெல்லாம் ஒன்னுமில்லீங்க. மாத்திரை மட்டும் போட்டுக்கறேன்."

மல்லசமுத்திரம் மணியன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவரைப் பொறுத்தவரை சுகர் என்பது ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு வருவது. மாத்திரையோடு நின்றால் அது 'லேசா'. மாத்திரை தின்றபின் ரத்தம் பார்த்து நார்மல் என்று வந்துவிட்டால், இல்லவே இல்லை. அவருடைய அண்ணனுக்குக் கால்விரலை எடுத்தார்களே? அது செருப்புக் கடித்தது.

மகள் மதுமதிக்கு நான்காம் மாதம். வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட் எடுக்க அஸ்தம்பட்டியில் டாக்டர் ஷாஹீனிடம் கூட்டிப்போனார். பரமத்தி வேலூரிலிருந்து சம்பந்தியம்மா கண்ணாத்தாளும் வந்துவிட்டார். கஷ்டம் அங்கேதான். பெண் பார்க்க வந்தவர்களிடம் 'எங்க வம்சத்துல ஒரு சீக்கும் கெடையாதுங்க' என்று வாக்குக் கொடுத்திருந்தார் மணியன்.

டாக்டர் மதுமதியின் வயதைக் கேட்டார். எடையைப் பார்த்தார். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்ததா என்றார். பிறகு, "அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்காம்மா?"

மதுமதி வாயைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"எங்க பக்கம் அந்தப் பேச்சே இல்லீங்க டாக்டரம்மா," என்றார் மணியன். "எதுக்குங்க டெஸ்ட்டு? வெறும் வயித்துல இனிப்புத் தண்ணியக் குடுத்தா புள்ள வாந்தி எடுக்கும். வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

"எல்லாருக்கும் எடுக்கறதுதாங்கய்யா. பெத்தவங்களுக்கு இருந்தா இன்னும் கவனமாப் பாக்கணும். இல்லாட்டி வயித்துப் புள்ளைக்குத்தான் கஷ்டம்."

"இல்லீங்களே!"

நர்ஸ் குளுக்கோஸ் தண்ணீரைக் கலக்கி மேசைமேல் வைத்தார்.

மணியனுக்குக் கை நடுங்கியது அப்போதுதான். நெற்றி வேர்த்தது. டாக்டர் இரண்டாகத் தெரிந்தார். மகள் பட்டினியாக வரும்போது அப்பன் மட்டும் தின்பதா என்று அன்று அவரும் சாப்பிடவில்லை. ஆனால் விடிந்ததும் பழக்கதோஷத்தில் மாத்திரை ஒன்றைப் பிய்த்துப் போட்டிருந்தார். வெறும் வயிற்றில் சுகர் சர்ரென்று இறங்கிவிட்டது. கண் அலைந்தது. டம்ளர் தெரிந்தது. எடுத்தார், ஒரே மூச்சில் குடித்தார்.

"ஐயா! அது டெஸ்ட்டுக்குங்க!" என்றார் நர்ஸ்.

"காலைல என்ன மாத்திரை போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"சுகர் மாத்திரதானுங்க," என்றது மணியனின் வாய், அவரைக் கேட்காமலே.

கண்ணாத்தாள்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க சம்பந்தி, எந்த மாத்திரைங்க? வெள்ளையா, நீட்டமா?"

"ஆமாங்க."

"நானும் அதேதானுங்க!" என்று பையைத் திறந்தார் சம்பந்தியம்மா. "எனக்கும் சுகரெல்லாம் இல்லீங்க. மாத்திரை மட்டுந்தான்."

டாக்டர் 'அப்பாவுக்கு உண்டு' என்று எழுதினார். நர்ஸ் இன்னொரு டம்ளர் கலக்கினார். இந்த முறை மதுமதி அதை மேசையில் வைக்கவே விடவில்லை. அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரிக்கையில் உங்கள் சட்டைப் பையில் என்னவோ சரசரத்ததே, அது என்னங்க?