ஒன்றுமே போடாத அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையில் ‘ஒண்ணும் போடலை’ இனம் என்று ஓர் இனம் உண்டு. போன வருஷம் ஜனக்கணக்கு எடுக்க வந்தவர்கள் வீட்டுக்கு வீடு ஏறி மதம், ஜாதி, பாஷை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இவர்களை மட்டும் தனியாக எண்ணாமல் விட்டுவிட்டார்கள். அதனால் குறைச்சலான கூட்டம் என்று நினைத்துவிடாதேயும். பாபநாசத்தில் தாமிரபரணி இறங்குகிற இடம் தொடங்கி அது கடலில் சேருகிற இடம் வரைக்கும், அடுப்பு புகைகிற தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஏதாவதொரு பதார்த்தத்தைக் காட்டி, “இதில் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டுப் பாரும். “ஒண்ணும் போடலை வே” என்பார். அதோடு முடிந்துவிடாது. நீர் கேட்டது குழம்பைப் பற்றி. அவர் காதில் விழுந்ததோ தம்முடைய குலம், கோத்திரம், விபூதி, வீட்டுச் சுத்தம் அத்தனையையும் பற்றி. “நம்ம வீட்டுல என்னத்தப் போட்டுறப் போறோம்? தெரியாமத்தான் கேக்கேன்!” என்று குரல் ஏறும். துண்டு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகும். நீர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

மனுஷர் பொய் சொல்கிறாரா? அவரைக் கேட்டால் இல்லவே இல்லை என்பார். அவர் கணக்கே வேறு. வாசத்துக்குப் போட்டது போட்டதாகாது. பதத்துக்குச் சேர்த்தது சேர்த்ததாகாது. அம்மியில் மையாய் அரைபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டதா, அந்தப் பொருள் உலகத்திலேயே கிடையாது. பொங்கலில் கிடக்கிற முந்திரிப்பருப்பை உம் கண்ணெதிரே விரலால் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, “எடுத்தாச்சுல்லா? இனி என்ன?” என்பார். அது வறுபட்ட நெய் பொங்கல் முழுக்க ஊறிக் கிடக்கிறதே ஐயா என்றால், “நெய்யி நெய்யிதானவே” என்பார். எண்ணெய்க் கடைக்காரனும்தான் நல்லெண்ணெயில் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டு “ஒண்ணும் கலக்கலை அண்ணாச்சி” என்று சாதிக்கிறான். அவனுக்காவது வயிற்றுப்பாடு. இவருக்கு என்ன கேடு? சம்பளம் இல்லாமல் சாதிக்கிறார்!

பெரியவர்களான நமக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. வயிறு பொருமினால் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். ஆனால் சில பிள்ளைகளுக்குச் சில பண்டம் ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, வைத்தியருக்கும் தெரியவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் இந்த இனத்தார் வீட்டு விருந்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சிந்துபூந்துறை ஐயம்பெருமாள் பிள்ளை வீட்டில் என் கண்ணால் பார்த்தேன்.

ஐயம்பெருமாள் பிள்ளை தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். இந்த இனத்துக்கே திலகம். அவருடைய தம்பி மகள் சொர்ணாம்பாள். சொர்ணாம்பாளின் மகள் ஞானம், ஐந்து வயசுக் குழந்தை. அதற்கு ஆகாத பண்டம், அண்டிப்பருப்பு என்று நம் பக்கத்தில் சொல்லுகிற முந்திரிப்பருப்பு. ஒரு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போன இடத்தில் யாரோ ஆசையாய்க் கையில் கொடுத்ததைத் தின்றுவிட்டு, உதடு தடித்து, கண் மூடி, மூச்சு இழுத்துப் பிள்ளை பிழைத்தது மறுபிழைப்பு. அன்றிலிருந்து சொர்ணாம்பாள் எந்த வீட்டுப் பண்டத்தையும் கேட்காமல் அதன் வாயில் வைப்பதில்லை. கேட்டால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். “அண்டிப்பருப்பு தின்னு எவனாவது செத்திருக்கானாட்டீ? எங்க பிள்ளைக படி படியாத் தின்னுட்டு கல்லு மாதிரி அலையுது, நீ என்னமோ ராசா வீட்டுப் பிள்ளையப் பெத்தவ கணக்கா!” என்பார்கள். பிள்ளைக்கு வந்த வியாதியைத் தாய்க்கு வந்த கெருவமாக மாற்றிவிடுவதில் நம்மவர்களுக்கு இருக்கிற சாமர்த்தியம் வேறு எந்தச் சீமையிலும் கிடையாது.

ஐயம்பெருமாள் பிள்ளை மகளுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் தேங்காய்ப் பாலில் சொதிக் குழம்பு வைத்து விருந்து போடவேண்டும். தாலியைவிட இந்தச் சொதிக்குத்தான் பேச்சு அதிகம். சொதி நீர்த்திருந்தாலோ, வேறு எதையாவது அரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியிருந்தாலோ, தேங்காயில் கையை இறுக்கிவிட்டார்கள் என்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். ஐயம்பெருமாள் பிள்ளை வீட்டுச் சொதியோ கரண்டியிலிருந்து விழுவதற்கே யோசித்தது. “அம்புட்டும் முதல் பாலு! தேங்காயத் தவிர வேற ஒண்ணு கிடையாது!” என்று, சேரன்மாதேவியிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மையப்ப பிள்ளையின் இலைக்கு முன்னால் நின்று முழங்கிக்கொண்டிருந்தார்.

ஞானம் அந்தப் பந்தியின் கடைசியில் மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தது. அதன் இலையிலும் சொதி விழுந்துவிட்டது. “தொடாத தாயி, கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சொர்ணாம்பாள் முதலில் அடுக்களைக்குத்தான் ஓடினாள். “ஒங்க பெரியப்பாவக் கேளு” என்று சொல்லிவிட்டு பெரியம்மா பிரம்மநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவள் ஆண்கள் பந்திக்கு நடுவே வந்து நின்றாள்.

“பெரியப்பா, சொதியில அண்டிப்பருப்பு அரைச்சு ஊத்தியிருக்கா?”

பந்தியில் அத்தனை கையும் நின்றுவிட்டது. சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறாள். வந்து நின்று கேட்கிற கேள்வியா இது?

“ஏட்டி, என்ன கேள்வி கேக்க? சம்பந்தி இருக்காகல்லா?”

“பிள்ளைக்கு ஆகாது பெரியப்பா. உள்ளதச் சொல்லுங்க. இருந்தா எலைய மாத்திப் போட்டு ரசஞ்சோறு கொடுத்திருதேன்.”

பாரும், எவ்வளவு சின்ன உதவி! ‘ஆமா’ என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் தேங்காய் ஒன்றும் கொப்பரையாகிவிடப் போவதில்லை. ஐயம்பெருமாள் பிள்ளை ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்தார்.

“நெல்லையப்பர் சாட்சியாச் சொல்லுதேன். தேங்காப் பாலு, பாசிப்பருப்பு, இஞ்சி. வேற ஒண்ணும் போடலை. போதுமா?”

குடும்பத்துப் பெரியவர் சாமி பேரைச் சொன்ன பிறகு அவள்தான் என்ன செய்வாள்? “சாப்பிடு தாயி” என்றாள் பிள்ளையிடம்.

ஞானம் இரண்டு வாய் சாப்பிட்டது. “நாக்கெல்லாம் அரிக்கும்மா” என்றது. அடுத்த வாய்க்குக் கை போகவில்லை. உதடு தடித்தது, கன்னத்தில் திட்டுத் திட்டாய் எழும்பியது, கண் இடுங்கிப் போயிற்று, பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு காற்றுக்குத் தவித்தது. நாங்கள் எல்லோரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டோம். சொர்ணாம்பாள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அலறினாள்.

“என்ன போட்டிய பெரியப்பா? எம்பிள்ள மூச்சு போகுதே! என்ன போட்டிய?”

“தேங்காப் பாலுதான்.”

விருந்துக்கு வந்திருந்த வைத்தியர் ஒருவர் பதறி ஓடி வந்தார். “பிள்ள என்னத்தத் தின்னுச்சு? சட்டுனு சொல்லுங்கய்யா. அது தெரிஞ்சாத்தான நான் மருந்து கொடுக்க முடியும்?”

“தேங்காப் பாலுதான் வைத்தியரே. மாந்தமா இருக்கும்” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை. சொல்லிவிட்டு மறுபடியும் சம்பந்தியைப் பார்த்தார்.

மனுஷனா ஐயா இவர்! குழந்தையின் உதடு நீலம் பாய்கிறது. இவர் ஓர் அண்டாச் சொதியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார்! வைத்தியர் பாவம், செரியாமல் வந்த மாந்தம் என்றே நம்பி விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் அடுக்களையிலிருந்து பிரம்மநாயகி தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள்.

“அண்டிப்பருப்புதான்! திசையன்விளையில இருந்து வரவழைச்சு, அரைச்சு அரைச்சு எங் கையெல்லாம் ஓஞ்சு போச்சு! ஒங்க மானம் ஆத்தோட போகட்டும், பிள்ளையக் காப்பாத்துங்க!”

வைத்தியர் விளக்கெண்ணெயைத் தட்டிவிட்டார். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, மடியிலிருந்த ஏதோ சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். பிள்ளை தின்றதையெல்லாம் கக்கியது. “பைய மூச்சு விடு தாயி, பைய, பைய” என்று சொர்ணாம்பாள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். வெகுநேரம் கழித்து இழுப்புத் தணிந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் சம்பந்தி அம்மையப்ப பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு? அண்டிப்பருப்பு அரைச்சு ஊத்தாம எவன் வீட்டுல சொதி வைக்கான்? எங்க வீட்டுல இதவிட ரெட்டிப்பா ஊத்துவோம். மொத வாய்லயே நமக்குத் தெரிஞ்சு போச்சே!”

கேட்டீரா? இந்த ரகசியத்துக்காகத்தான் ஒரு குழந்தையின் மூச்சு! சரி, அந்த மகானுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டதே, தாய்க்காரி வந்து நின்று கெஞ்சினபோது அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? மரியாதையாம். சம்பந்தி வீட்டில் சம்பந்தியை விட்டுக்கொடுக்கலாமா? அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் நாக்கு இருந்தது. ஒருத்தருக்கும் அது பேசுகிற நாக்காக இல்லை. என்னைக் கேட்கிறீரா? எனக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

சாயங்காலம் பிள்ளையின் முகம் வடிந்தது. ஐயம்பெருமாள் பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். “பாத்தியா சொர்ணம், ஒண்ணும் ஆகலை. இதுக்குப் போயி ஊரக் கூட்டிட்டியே” என்றார்.

“ஆகலைதான் பெரியப்பா. இன்னும் ரெண்டு வாய் தின்னுருந்தா ஆயிருக்கும்” என்றாள் அவள். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொர்ணாம்பாள் அதன் பிறகு விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இல்லை. போகிறாள், மொய் எழுதுகிறாள், பந்தி தொடங்கியதும் வாசலில் நிற்கிற வண்டிக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், வீட்டிலிருந்து தூக்குப் போணியில் கொண்டுவந்த சோற்றை ஊட்டுகிறாள். “அவளுக்கு நம்ம வீட்டுச் சோறு எறங்காதாம்லா” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லுகிறவர் யார் என்று உமக்கு நான் சொல்ல வேண்டாம்.

சிரிக்கிறீர். நன்றாகச் சிரியும். ஆனால் உள்ளதைச் சொல்லும்: அவள் ஆண்கள் பந்தியில் வந்து நின்றாளே, அந்த நிமிஷம் உமக்கு யார்மேல் எரிச்சல் வந்தது? பந்தி முடிகிறவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு ஓடவில்லையா? சின்னதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்துப் பழக்கியிருந்தால் சரியாயிருக்குமே என்று நாக்கு நுனி வரை வரவில்லையா? வந்ததென்றால் உம்மிடம் ஒரு வேண்டுகோள். ஆவணியில் உம் வீட்டிலும் ஒரு விசேஷம் என்று கேள்விப்பட்டேன். வாசலில் அவள் வண்டி நிற்கும். “ஒரு வாய்தானம்மா, ஒண்ணும் போடலை” என்று பாயசக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடாதேயும். நீர் போகத்தான் போகிறீர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உம்முடைய பெயரைச் சொர்ணாம்பாளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.