தாம்பரத்து மர்மப் பை

உலகின் எந்த மூலையில் போர் நடந்தாலும் அதில் முதலில் அடிபடுவது தாம்பரத்துப் போக்குவரத்துதான். இந்த மாபெரும் உண்மையைத் தமிழ் கூறும் நல்லுலகுக்கு அறிவித்த பெருமை எங்கள் ‘பேரிடி டிவி’யையே சாரும். அதன் புறநகர் நிருபன் என்ற முறையில், அந்த வரலாற்றை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அன்று மாலை ரயில் நிலையம் அருகே போர் எதிர்ப்புக் கூட்டம். நடத்தியவர்கள் இருவர். ஒருவர் ஷாயிஸ்தா, ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். இன்னொருவர் கதிரேசன், திரையில் இடம் போதாததால் அவர் பெயர் விடுபட்டது. முறைப்படி அனுமதி வாங்கி, முந்நூறு பேரை நடைபாதை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போரில் செத்துப்போன ஒரு குழந்தையின் பெயர் எழுதிய அட்டை. யாரும் பேசவில்லை. கோஷம்கூட இல்லை. வாயையே திறக்காதவர்களிடம் மைக்கை எங்கே நீட்டுவது? எங்கள் தொழிலை இதைவிட யாரும் அவமதிக்க முடியாது.

எங்கள் செய்தி ஆசிரியர் தட்சிணாமூர்த்தி போனில் வந்தார்.

“கல் வீசினாங்களா?”

“இல்ல சார்.”

“டிராஃபிக் ஜாம்?”

“ஓரமா நிக்கிறாங்க சார். பஸ்ஸெல்லாம் ஃப்ரீயா போகுது.”

“நம்ம வேன் எங்க நிக்குது?”

“அதுவும் ஓரமாத்தான் சார்.”

“கொண்டுபோய் நடு ரோட்டுல போடுய்யா.”

போட்டோம். பத்தே நிமிடத்தில் பெருங்களத்தூர் வரை வண்டிகள் நின்றன. ‘போர் எதிர்ப்பால் பொதுமக்கள் அவதி’ என்று முதல் செய்தி கொடுத்தது நாங்கள்தான்.

அடுத்து, ‘புலனாய்வு’. ஷாயிஸ்தாவின் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவரே திறந்து காட்டினார்.

“குளுக்கோஸ் சார், வயசானவங்க நிக்கிறாங்கல்ல. மிச்ச அட்டை கொஞ்சம் இருக்கு. இது பசங்க டெஸ்ட் பேப்பர். நீங்களும் கொஞ்சம் குடிங்க, ரொம்ப வேர்க்குது உங்களுக்கு.”

குடித்தேன். கேமராமேன் முகிலன் எல்லாவற்றையும் படம் எடுத்தான்.

“தொறந்த பையில என்னய்யா மர்மம் இருக்கு?” என்றார் ஆசிரியர். “மூடின ஷாட்டைப் போடு. சுத்தி ஒரு செவப்பு வட்டம் போடு.”

அது கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை. ‘வேதாசலம் இல்லத் திருமண விழா’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. தனிமனித மாண்பைக் காப்பது எங்கள் கொள்கை என்பதால், அந்த எழுத்துகளை மங்கலாக்கினோம். பையைப் பார்க்க எங்களுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. ‘மர்மப் பையில் என்ன?’ என்று விடிய விடிய நாட்டைக் கேட்டோம். பதில் தெரிந்த நான் பத்திரிகை தர்மப்படி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஷாயிஸ்தாவின் வீட்டு ஓனர் அவர் வாசலில் வந்து நின்றார். ஓனர் பெயர் வேதாசலம்.

“அது நம்ம பொண்ணு கல்யாணத்துல குட்த்த பைதாம்மா. எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் என்ன அங்கிள்?”

“அதான்மா பேஜாரா கீது. இன்னிக்கு எழுத்த மறைச்சுகினு காட்றான். நாளிக்கு தொறந்து வுட்டான்னா என் பேருல்ல வரும்? உன் மேல எனக்கு சந்தேகமே இல்லம்மா. ஆனா வட்டம் போட்டானுங்களே! வூட்டக் காலி பண்ணிடு.”

ஷாயிஸ்தா எனக்குப் போன் செய்தார். “வேற ஒண்ணும் வேணாம் சார். பையில என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. இந்த வீடு போனா டியூஷனும் போயிடும்.”

ஆசிரியரைக் கேட்டேன். “மறுப்பு போட்டா நம்ம நம்பகத்தன்மை என்னய்யா ஆகறது?” என்று கொதித்தார். நியாயம்தானே? அதற்குப் பதிலாக, வீடு காலியாவதை நேரலையில் காட்ட என்னை அனுப்பினார்.

மினி லாரியில் கரும்பலகையை ஏற்றிக்கொண்டிருந்த ஷாயிஸ்தா என்னைப் பார்த்தார்.

“அதுல இருந்த குளுக்கோஸத்தானே சார் குடிச்சீங்க?”

கேட்காததுபோல் கேமரா பக்கம் திரும்பினேன். ‘மர்மப் பெண் தப்பி ஓட்டம்!’

அந்தப் போரில் எத்தனை பேர் வீடிழந்தார்கள் என்று எங்கள் டிவி இதுவரை சொன்னதில்லை. உறுதியாகத் தெரியாததை நாங்கள் ஒளிபரப்ப மாட்டோம். ஊரப்பாக்கத்து வீடு மட்டும் உறுதி. அதைக் காலி செய்தது நாங்கள்தான். குண்டு எதுவும் போடவில்லை. வட்டம்தான் போட்டோம்.