மாயவன் வராத ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டால் போதும். இன்றைக்காவது மாயவன் வரக் கூடாது என்று கோவிந்தராசு ஊர்ச் சாமி பழமலைநாதரை வேண்ட ஆரம்பித்துவிடுவார்.

பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஒற்றை அறை. ஒரு சுவரில் ஆணியடித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. அதற்கு எதிரே பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் 'விருத்தாசலம் மாற்றுத் திரைப்பட வட்டம்' என்று ஒரு பலகை.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய வட்டம் அது. பாட்டும் சண்டையும் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன ஊரைத் திருத்திவிடுவது என்று நால்வரும் டீக்கடையில் கை அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் திருச்சிக்கு மாற்றலானது. இன்னொருவர் மகனோடு சென்னைக்குப் போனார். மூன்றாமவர் கல்யாணம் செய்துகொண்டார். மிச்சம் இருந்தவர் கோவிந்தராசு. வயது ஐம்பத்து மூன்று. செராமிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் தேடுவார். அவருடைய கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் யாருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றாகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்பே வட்டத்தை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, அறையைக் காலி செய்வதாகக் கடைக்காரருக்குக் கடிதமும் எழுதிவிட்டார். அந்த வாரம்தான் மாயவன் வந்து சேர்ந்தார். ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் கோவிந்தராசுவை இறக்கிவிட்டுவிட்டு, "மேல என்னா சார் நடக்குது?" என்று கேட்டார்.

"உலக சினிமா காட்டுறோம்."

"எத்தினி பேரு வருவாங்க?"

"அது... ஒரு மாதிரி வருவாங்க."

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு மாயவன் படியேறி வந்து, பதினாறு காலி நாற்காலிகளையும் பார்த்தார். நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. படம் முடிந்ததும் "அருமைங்க சார்" என்பார். போய்விடுவார்.

ஒரு ரசிகன் இருக்கும்போது வட்டத்தை மூடுவது பாவம் என்று கோவிந்தராசு கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

ஆனால் அவருக்கே அந்தப் படங்கள் அலுத்துப்போயிருந்தன. ஒருவன் மழையைப் பார்க்கிறான். பிறகு சுவரைப் பார்க்கிறான். மறுபடியும் மழை. இதையெல்லாம் பார்க்க அவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதில்லை, வீட்டிலேயே நடக்கிறது.

போன தீபாவளிக்கு முன்பு நெய்வேலியில் மழைக்கு ஒதுங்கியவர், யாரும் பார்க்காமல் ஒரு தியேட்டருக்குள் நுழைந்தார். கதாநாயகன் பன்னிரண்டு பேரை ஒரே உதையில் பறக்கவிட்டான். அவர்கள் தரையிறங்க நாலு நிமிடம் ஆனது. தியேட்டரே எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த யாரோ ஒருவன் அவர் தோளை இறுக்கிப் பிடித்து உலுக்கி, "பாத்தியாண்ணே, பாத்தியா" என்றான். அவர் தோளை யாரும் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தோளையே தடவிக்கொண்டு வந்தார்.

இது யாருக்கும் தெரியாது. கம்பெனியில் அவர் உலக சினிமா கோவிந்தராசு.

போன மாதம் பேக்கிங் செக்‌ஷன் பாரி கேண்டீனில் சொன்னான்: "ஞாயித்துக்கெழம தோறும் ஆறு மணி ஆட்டத்துக்கு நாங்க ஏழெட்டு பேரு போறோம்ணே. முடிஞ்சி பொரோட்டா. ஒங்கள கூப்புடலாம்னு பாத்தா, ஒங்களுக்குதான் அந்தப் படமெல்லாம் ஆவாதே."

'ஆகும்' என்று சொல்ல வாய் திறந்தவருக்கு மாயவன் முகம் நினைவுக்கு வந்தது. "வட்டத்துல காட்சி இருக்குதே பாரி" என்றார்.

வேண்டாம் என்று மாயவனிடம் நேராகச் சொல்ல முடியாது. மாயவனாக விட்டுப் போக வேண்டும். அதற்கு வழி தேடினார்.

முதலில், மூன்றே முக்கால் மணி நேரப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு பெண் மலையடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அரை மணி நேரத்தில் மாயவன் எழுந்துவிடுவார், ஏழு மணிக்குள் தியேட்டருக்குப் போய்ப் பாரி கூட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

மாயவன் தலையணையோடு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி.

"நீளப் படம்னு போர்டுல போட்டிருந்தீங்க. ஒங்களுக்கும் சேத்து இட்லி எடுத்தாந்தேன் சார்."

இருவரும் இருட்டில் இட்லி சாப்பிட்டார்கள். கடைசி வரை பஸ் வரவில்லை.

"எப்பிடி இருந்துது?"

மாயவன் தூக்குவாளியை மூடினார். "பஸ்ஸு வந்திருந்தா கெட்டுப் போயிருக்கும் சார்."

அடுத்த வாரம், யாருக்கும் தெரியாத மொழியில், கீழே எழுத்து எதுவும் ஓடாத ஒரு படத்தைப் போட்டார். இதில் வசனம் நிறைய. எல்லோரும் கோபமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மாயவன் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க சார்."

தனக்கும் விளங்கவில்லை என்று வட்டத்தின் தலைவர் எப்படிச் சொல்வது? அண்ணன் தம்பி நிலத் தகராறு என்று ஆரம்பித்தார். திட்டக்குடி பக்கம் தன் சித்தப்பா வீட்டில் நடந்த பாகப்பிரிவினையை அப்படியே எடுத்து அந்த மஞ்சள் தலைமுடிக்காரர்களுக்கு மாட்டிவிட்டார். ஒரு மணி நேரம் போனது. தொண்டை கட்டிக்கொண்டது. அவ்வளவு நேரம் அவர் யாரிடமும் பேசியதில்லை.

"நீங்க சொன்னது படத்த வுட நல்லா இருந்துது" என்றார் மாயவன். "வாராவாரம் சொல்லுங்க."

இப்படியாகப் படத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரப் பேச்சும் ஒட்டிக்கொண்டது. ஆட்டமும் போயிற்று, பொரோட்டாவும் போயிற்று.

வெயில் உச்சத்தில் இருந்தது. காட்சியைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றினார். மின்விசிறி ரிப்பேர் என்று எழுதி ஒட்டினார். தகர ஷீட் போட்ட மாடியில் அந்த நேரத்துக்கு மனிதன் உட்கார முடியாது. இரண்டு மணிக்குப் படத்தை ரத்து செய்தால், ஆறு மணி ஆட்டத்துக்குக் குளித்துவிட்டே போகலாம்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கீழே ஆட்டோ சத்தம். மாயவன் தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

"இது நம்ம மச்சான் கொளஞ்சி. இது ஸ்டேண்டுல ஓட்டுறவரு, பச்சமுத்து. ஆளு கம்மியா இருக்குதுன்னு ஒங்களுக்கு வருத்தமா இருக்கும்ல சார், அதான் இட்டாந்தேன்."

பச்சமுத்து முதல் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். கொளஞ்சி மட்டும் சந்தேகம் கேட்டார். "ஈரோ எப்ப வருவாரு?"

"அவருதான் ஈரோ, கம்முனு பாரு" என்றார் மாயவன். திரையில் ஒரு கிழவர் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று போகும்போது மாயவன் ஒரு நோட்டீஸை நீட்டினார். கீழே ஜெராக்ஸ் கடையில் சொல்லி அடித்திருந்தார். வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வட்டத்தின் நூறாவது காட்சி. தலைவர் கோவிந்தராசு அவர்களுக்குப் பொன்னாடை. அனைவரும் வருக.

"நான் வந்ததுலேர்ந்து எண்ணிக்கிட்டு வந்தேன் சார். நூறு ஆவுது. ஸ்டேண்டுல பதினாலு பேரு வரேன்னு சொல்லியிருக்காங்க."

மறுநாள் கேண்டீனில் பாரி ஒரு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "பெரிய படம்ணே, இந்த ஞாயித்துக்கெழம வருது. ஆறு மணி ஆட்டம். ஒங்கள கேக்காமயே எடுத்துட்டேன். இந்த ஒரு தடவ எங்களோட வாங்க. வரலன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

கடைசி வாக்கியம் கோவிந்தராசுவை உலுக்கிவிட்டது. தன்னை யாரும் தொந்தரவு செய்யாத ஞாயிறுகள் வரிசையாக அறுபது வயது வரைக்கும், அதற்கு அப்பாலும் நிற்பது தெரிந்தது. டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மாயவன் வீட்டுக்குக் கிளம்பினார். உண்மையைச் சொல்லிவிடுவது. 'மாயவன், நீங்க நல்ல ரசிகர். ஆனா எனக்கு இந்தப் படமெல்லாம் இப்ப புடிக்கறது இல்ல. ஒங்க ஒருத்தருக்காகத்தான் இவ்வளவு நாளு ஓட்டினேன்.' வழி நெடுகச் சொல்லிப் பார்த்தார். கடைசி வரி கொஞ்சம் கொடூரமாக இருந்தது. அதை எடுத்துவிட்டார். எடுத்தால் மற்றது நிற்கவில்லை. மறுபடியும் சேர்த்தார்.

மணிமுத்தாற்றுப் பக்கம் ஒரு சந்தில் வீடு. வாசலில் ஆட்டோ இல்லை. மாயவனின் மனைவி பாஞ்சாலை துணி பிழிந்துகொண்டிருந்தார். அவரை இதற்கு முன் பார்த்ததில்லை.

"மாயவன் இருக்காருங்களா?"

"வேப்பூருக்கு சவாரி போயிருக்குது. நீங்க யாருங்க?"

"தெரிஞ்சவன்தான். நாளைக்கு சாயங்காலம் விசயமா..."

"நாளைக்கு சாயங்காலம் ஆட்டோ வராதுங்க" என்றார் பாஞ்சாலை. சவாரிக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம்னா அது எங்கியும் வராது. படம் பாக்கப் போயிடும்."

இவ்வளவு பிடித்துப்போன ஒன்றை ஒரு மனிதனிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? டிக்கெட் சட்டைப் பையில் கனத்தது.

"ஒலகப் படம்னா அவருக்கு அவ்வளவு உசுருங்களா?"

பாஞ்சாலை பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"அட போங்க, அதுக்கு ஒரு எழவும் புரியாது, செராமிக்ல யாரோ ஒரு சாராம், ஒண்டி ஆளாம், நாமளும் போவலன்னா அந்த மனுசன் தனியா குந்திக்கிட்டுப் பாப்பாரேன்னு ரெண்டு வருசமா போயி தொணைக்குக் குந்திக்கிட்டு வருது."