நான் அழுத நாளந்தா

சரித்திர வாத்தியார்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. இடிந்த சுவர் எதைக் கண்டாலும் வாயைத் திறந்துவிடுவோம். அதை மூட மணி அடிக்க வேண்டும். மணி அடிக்க ஆளில்லாத ஊரில் எனக்கு நேர்ந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார் (அவர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்).

அம்மா இறந்த நான்காவது மாதம் அது. அஸ்தியைக் காசியில் கரைத்துவிட்டு, கயாவில் பிண்டம் வைக்கப் போயிருந்தோம். அப்பா, நான், என் மனைவி செல்வி. அப்பா பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் முப்பது வருடம் தீ போட்டவர். அந்தச் சூட்டில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், வாத்தியார் ஆனேன், திருநகரில் வீடு கட்டினேன். அம்மா போன நாளிலிருந்து அவர் பேசவில்லை. சாப்பிடுகிறீர்களா என்றால் தலையை ஆட்டுவார். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் பயம். இப்படியே இவரும் போய்விடுவாரோ என்று ராத்திரியில் எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

கயாவுக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். செல்வி கத்திரிக்காயை விட்டாள். "மாமா என்னத்த விட்டாருன்னு கேக்காதீங்க. பேச்சை விட்டுட்டாரு" என்று என் காதில் சொன்னாள். சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ரயிலுக்கு நேரம் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. இருபத்திரண்டு வருடமாக நாளந்தா பல்கலைக்கழகத்தைப் பாடம் நடத்துகிறேன், பார்த்ததில்லை. அதுவோ ஊர் அளவுக்குச் செங்கல். பிள்ளையைப் படிக்க வைக்கச் செங்கல் சுட்ட மனிதர், படிப்புக்கென்றே கட்டிய செங்கல் ஊரைப் பார்த்தால் ஒரு வார்த்தையாவது சொல்ல மாட்டாரா? காலையில் ஒரு கார் பிடித்தேன். டிரைவர் ராஜுவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. மற்றபடி நல்ல புரிதல்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. காரின் மூக்கே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஊர்ந்த பிறகு வண்டி நின்றது. ராஜு இறங்கி டயரைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்து ஏதோ சொல்லி, பனி கொஞ்சம் விலகிய இடத்தில் வயலுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த செங்கல் சுவரைக் காட்டினான். கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தான். (என்ன உபசாரம் பாருங்கள் என்று நெகிழ்ந்தேன். மறைவாக ஒதுங்குகிறவர்கள் அங்கே போகலாம் என்றுதான் அவன் சொன்னான் என்பது பிறகு விளங்கியது.)

"வந்துருச்சுப்பா, நாளந்தா!" என்றேன்.

"டிக்கெட் குடுக்குற ஆளக் காணோமே?" என்றாள் செல்வி.

"இந்தக் குளிர்ல எவன் வருவான்?"

செருப்பைக் கழற்றச் சொன்னேன். அறிவு பிறந்த மண் அல்லவா. பாதம் விறைக்க நடந்தோம். ஆள் உயரச் சுவர்கள் இரண்டு, நடுவில் நீண்ட பாதை, அடியில் வரிசையாகப் பொந்துகள். வாய் திறந்துகொண்டது. இது பிட்சுகள் தங்கிய அறை, அது விளக்கு வைத்த மாடம், எங்கெங்கிருந்தோ நடந்தே வந்து படித்தார்கள் என்று நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தைக் கொட்டினேன். அப்பா சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கல்லைத் தட்டிக் காதைக் கொடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன்.

உள்சுவர் முழுக்கக் கரி. அதைத் தொட்டுக் காட்டினேன். "இந்தக் கருப்பப் பாருங்கப்பா. நூலகத்தை எரிச்ச தீ. மாசக்கணக்கா எரிஞ்சதாம். அம்புட்டுப் புத்தகமும் போச்சு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். புத்தகத்துக்கு அழுதேனா, அம்மாவுக்கு அழுதேனா, இன்றுவரை தெரியாது. குனிந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். செல்விக்கும் இட்டேன். அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து அவரும் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெயில் வந்தது. பனி மேலிருந்து விலக, எங்கள் தலைக்கு நேர் மேலே ஒரு புகைபோக்கி எழும்பி நின்றது. அதன் மேல் இந்தியில் ஏதோ கம்பெனிப் பெயர், கீழே ஒரு செல்போன் நம்பர்.

மூவரும் அதை அண்ணாந்து பார்த்தோம். பிறகு நான்கு மாதமாகக் கேட்காத குரல் கேட்டது.

"சூளைதான்யா இது. வேலை நின்னு நாலஞ்சு வருசம் இருக்கும். மண்ணு நல்ல மண்ணு. எரிக்கத் தெரியாத பய எவனோ எரிச்சிருக்கான், அதான் இம்புட்டுக் கரி."

"முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

"சொல்லிருவோம்னுதான் பாத்தேன். அழுதுட்ட. அழுகுறவன்ட்ட போயி எப்படிய்யா சொல்ல?"

செல்விதான் முதலில் சிரித்தாள். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நெற்றியில் நிலக்கரிச் சாம்பலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். "ஒங்க அம்மா மட்டும் இருந்தா, இத வச்சே ஊரச் சிரிக்க வச்சிருப்பா" என்றார். சொன்னவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். அம்மா செத்த அன்று வராத அழுகை. நானும் செல்வியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ராஜு டயரை மாற்றிவிட்டு எங்களைத் தேடி வந்து, மூன்று கரி நெற்றிகளைப் பார்த்து, வந்த வழியே போய்விட்டான்.

நாளந்தாவுக்குப் போக நேரமில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. அந்தப் பாடத்தை வேறு வாத்தியாரிடம் தள்ளிவிட்டேன்.

அப்பா பேசுகிறார். பேசுவதெல்லாம் இந்தக் கதைதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் சம்பந்தி வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் கதையில் நான் இப்போது தரையில் உருண்டு அழுகிறேன். மறுப்பதில்லை.

போன வாரம் காளவாசலிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். கதை களை கட்டியது. டயர் பஞ்சரான இடத்தில் அப்பாவுக்குப் பெயர் மறந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, அந்த டிரைவர் பேரு என்ன?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அவர் அப்படிக் கூப்பிட்டது அம்மாவை மட்டும்தான். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா முகத்தைத் திருப்பாமல் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜு, மாமா" என்றாள் செல்வி உள்ளிருந்து.

"ஆங், ராஜு" என்றார் அப்பா. கதை தொடர்ந்தது. நான் அழுகிற இடம் வந்தது. வந்தவர் சிரித்தார்.