இருமுறை சொன்னால் சந்தை

சங்கரன்கோவில் மாட்டுச் சந்தை வாசலில் ஒரு பலகை உண்டு. மழையில் 'மாட்டுச்' கரைந்துபோய் 'சந்தை' மட்டும் மிச்சமிருந்தது. அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. பலகையை வாசித்து மாடு வாங்க வருகிற ஆள் எங்கள் பக்கம் கிடையாது. சாணி வாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கண்ணை மூடிக்கொண்டே வந்து சேரலாம்.

அவசரநிலை முடிந்த மறு வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை இறங்கியது. ஒவ்வொரு அலுவலரும் தத்தம் அலுவலகப் பெயருக்கு அகராதிப்பொருள் கண்டறிய வேண்டும். அப்பொருளுக்கு இணங்கப் பணி நடைபெறுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அப்போது அப்படி ஒரு மோஸ்தர். சேர் நாற்காலி ஆயிற்று, பைல் கோப்பு ஆயிற்று. வேலை மட்டும் பழைய பெயரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

சந்தைக்குத் தனி அலுவலர் ஆவுடையப்பன். டவுனிலேயே வளர்ந்தவர். மாட்டை அவர் தொழுவில் பார்த்ததைவிடத் தம்ளரில் பார்த்ததுதான் அதிகம். நல்ல மனுஷன், லஞ்சம் வாங்கமாட்டார். அதனாலேயே அவரைத் தடுத்து நிறுத்த ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

அகராதியில் சந்தைக்கு இரண்டு பொருள் போட்டிருந்தது. ஒன்று, விற்கவும் வாங்கவும் மக்கள் கூடும் இடம். இரண்டு, ஓதுவிக்கிறவர் ஒருமுறை சொல்ல, ஓதுகிறவர் இருமுறை திருப்பிச் சொல்லும் பாடமுறை. கோயில்களில் இப்படித்தான் சந்தை சொல்லிப் படிப்பார்கள். இந்த இடம் மட்டும் நிஜம், நான் கட்டினது இல்லை.

குமாஸ்தா சங்கரசுப்பு முதல் பொருளில் விரலை வைத்தார். "இதான் சார் நம்மளது. எழுதி அனுப்பிருவோமா?"

"இது நடைமுறையில் இருக்கிறதா?"

"இருக்கே சார். வாராவாரம் கூடுதாகள்லா."

"நாம் சொல்லியா கூடுகிறார்கள்?"

"இல்ல சார், அவுக பாட்டுக்கு..."

"நாம் சொல்லாமலே நடப்பதற்கு நாம் எதற்கு, ஓய்? இரண்டாம் பொருளைப் பாரும். சந்தை ஏற்பட்ட நாள்முதல் அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. எத்தனை தலைமுறை நிலுவை!"

நிலுவை என்ற சொல் காதில் விழுந்ததும் சங்கரசுப்பு பேனாவை எடுத்துவிட்டார். அடுத்த சந்தைக்குள் ஆணை ஒட்டியாயிற்று. விற்பவர் விலையை ஒருமுறை உரக்கக் கூற வேண்டியது. வாங்குபவர் அதனை இருமுறை பிழையின்றி உரக்கத் திருப்பிக் கூற வேண்டியது. மேற்படி கூறல் நிறைவுற்ற கணமே விற்பனை முடிவுற்றதாகக் கொள்ளப்படும். பின்னர் மறுப்பதற்கில்லை.

மாட்டு வியாபாரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு விலையை வாயால் பேசுவது கிடையாது. தரகர் தோள்துண்டை எடுத்து விற்கிறவன் கைமேல் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பார். அப்புறம் வாங்குகிறவன் கையில் துண்டு விழும். கூட வந்த மச்சினனுக்குக்கூட விலை தெரியாது. வெளியூர்க்காரன் பார்த்தால், துண்டுக்குள் தேளை விட்டுத் தேடுகிறார்கள் என்று நினைப்பான்.

தரகர் பீர் மைதீன் வழக்கம்போலத் துண்டை விரித்ததும் சங்கரசுப்பு ஓடிவந்தார்.

"பாய், துண்டை எடும். வாயாலதான் சொல்லணும்."

"வாயால சொன்னா அதுக்குப் பேரு ஏலம்லா வே. எந் துண்டுக்கு என்ன சோலி?"

"தலையில கட்டிக்கிடும்."

இதில் ஒரு வினை இருந்தது. வாங்குகிறவன் வாயைத் திறந்தால் விற்கிறவன் சொன்ன விலையைத்தான் சொல்ல முடியும். குறைத்துக் கேட்டால் பிழை. அதனால் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சந்தையில் பேசினது மாடுகள் மட்டும்தான். 'சந்தை இரைச்சல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது' என்று ஆவுடையப்பன் மேலிடத்துக்கு எழுதினார். பாராட்டுக்கூட வந்ததாகக் கேள்வி.

சில சந்தைகள் இப்படியே போயின. மேலநீலிதநல்லூர் மூக்காண்டிதான் தவித்துப்போனான். மானாவாரி விவசாயி, வானம் கைவிட்ட வருஷம். வைக்கோல்படப்பு இருந்த இடத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. கூரை ஓலையை உருவி உருவி மயிலைக் காளைக்குப் போட்டதில், வீட்டுக்குள் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம் என்றாகிவிட்டது. மாடு விற்றால் அதுவும் பிழைக்கும், வீடும் கஞ்சி குடிக்கும். அடுத்த தடவை அவன் பெஞ்சாதி பூமாரியும் கூடவே வந்துவிட்டாள்.

"இன்னைக்கும் விக்கலன்னா இது ஊரு போய்ச் சேராது பாத்துக்கிடும்," என்றாள். "வழியிலேயே படுத்துரும்."

"நான் என்னட்டி செய்ய? சொல்ல வாய் இருக்கு, திருப்பிச் சொல்ல வாய் இல்லையே."

நான் கயிறு வாங்கப் போனவன், பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் மேற்பார்வைக்கு வந்தார், பின்னால் சங்கரசுப்பு. மயிலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனப்பா, நீர் ஓதவில்லையா?"

"காலையிலேருந்து ஓதுதேன் ஐயா. ஏத்துச் சொல்லத்தான் நாதியில்ல."

"உரக்க ஓதியிருக்க மாட்டீர். எங்கே, சொல்லும்."

மூக்காண்டி பழைய வழக்கத்தில், தரகர் அடித்துக் குறைக்க இடம் வைத்து, தொண்டை கிழியச் சொன்னான்: "ஆயிரத்து ஐந்நூறு."

மாட்டின் விலா எலும்பை ஆவுடையப்பன் மேலிருந்து கீழே பார்த்தார். அவருக்கே பொறுக்கவில்லை. "ஆயிரத்து ஐந்நூறா? இந்த மாட்டுக்கா, ஆயிரத்து ஐந்நூறு?"

பூமாரிதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு தட சொல்லிட்டாக. பிழையில்லாம."

"என்ன சொல்கிறாய் அம்மா? நான் கேள்வியல்லவா கேட்டேன்?"

"கேள்வியாச் சொல்லப்படாதுன்னு ஆணையில இல்லையே ஐயா," என்றார் பீர் மைதீன், தலையில் கட்டியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே.

ஆவுடையப்பன் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா சுவரில் ஒட்டியிருந்த ஆணையைப் போய் வாசித்துவிட்டு வந்தார். "இல்ல சார். மறுப்பதற்கில்லைன்னு மட்டும் தெளிவாப் போட்டிருக்கு. நீங்கதான் போடச் சொன்னீக."

சொன்னேனே, நேர்மையான மனுஷன். தான் போட்ட ஆணையைத் தானே மீறுவாரா? சற்று யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நான் வாய் திறந்தது அலுவலர் என்ற முறையில். ஆகவே மாட்டை வாங்கியது அலுவலகம்."

பணம் அலுவலகப் பெட்டியிலிருந்து வந்தது. பூமாரி கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். மாட்டின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, "தண்ணி காட்டுங்க ஐயா, விடிஞ்சதுலேருந்து காட்டல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மூக்காண்டி பின்னாலேயே ஓடினான். அவள் ஒரு பேச்சுப் பேசி இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டாள்.

சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆவுடையப்பன் கயிறும் கையுமாக, மாடு ஏற்றும் மேடையில் ஏறினார். மாடும் ஏறியது. "அலுவலக மாட்டின் தீவனச் செலவினத்தை முன்னிட்டு," என்று தொடங்கினார், "சந்தை நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய் உயர்த்தப்படுகிறது."

நாங்கள் நல்ல குஷியில் இருந்தோம். அவர் குரலிலேயே, மூக்கால் இழுத்து, "ஒரு ரூபாய் உயர்த்தப்படுகிறது" என்று எல்லாருமாகப் பழித்தோம். சிரிப்பு அடங்கவில்லை, இன்னொரு தடவையும் பழித்தோம். என் சத்தம்தான் பெரிய சத்தம்.

சங்கரசுப்பு பேனா மூடியைக் கழற்றினார். "பிழையில்லாமச் சொல்லிட்டிய. சார் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ரெண்டு. ஆகமொத்தம் மூணு ரூவா."

"மறுப்பதற்கில்லை," என்றார் ஆவுடையப்பன்.

மறு சந்தையில் ஆளுக்கு மூன்று ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு உள்ளே போனோம். மயிலை அலுவலக வாசலில் பளபளவென்று நின்றது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, குடிக்கத் தனித் தொட்டி. பீர் மைதீனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, இதை எப்பம் விக்கப் போறீக? இது இருக்கப்போயிதானே எங்களுக்கு இந்தக் கட்டணம்."

"இப்போதே விற்கத் தயார்," என்றார் ஆவுடையப்பன். "விலை சொல்லட்டுமா?"

எங்களில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மாடு மட்டும் திறந்தது. எங்கள் மூன்று ரூபாயை மென்றது.