பங்களா முற்றத்தில் முளைத்த போஞ்சி

உலகம் தோன்றிய நாளிலிருந்து மண்ணை யாரும் முறைப்படி உண்டாக்கியதில்லை. அந்தக் குறையைத் தீர்த்த பெருமை, கினிகத்தேனைக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் நடுவிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தையே சேரும். அங்கே கிளாக்கராக இருக்கும் பாக்கியம் பெற்ற நான், நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. துரை பங்களா முற்றத்தில் ‘இரசாயனமற்ற மாதிரி மரக்கறித் தோட்டம்’ அமைய வேண்டும். இரண்டு மாதத்தில் டைரக்டர் அம்மையார் பார்வையிட வருவார். தோட்டத்து மனேஜரான துரை உடனே கூட்டம் போட்டார். மண்ணைப் பற்றி இரண்டரை மணி நேரம் பேசினோம்; ஒருவர் நகத்திலும் மண் படவில்லை. முடிவில் கிஷாந்த் என்ற ‘மண்வள ஆலோசகர்’ வெள்ளைச் சப்பாத்தோடு வந்து இறங்கினார்.

“காய்ஞ்ச புல்லை அடுக்குங்க, சாணி போடுங்க, மூடி வைங்க. ஒரு மாசத்துல கூட்டெரு ரெடி” என்றார்.

காய்ந்த புல்லுக்குப் பஞ்சமா? ஏழாம் நம்பர் மலையில் முந்தின வாரம்தான் புல்லைக் கொல்லும் மருந்து அடித்திருந்தோம். மலை முழுக்கக் காய்ந்து தயாராகக் கிடந்தது. அதை அள்ளி வரச் சொன்னோம். அள்ளி வந்தவர்களில் மீனம்மா என்ற தொழிலாளி மட்டும் புல்லுக்கட்டை இறக்காமல் நின்றார்.

“ஐயா, இது மருந்து அடிச்ச புல்லுங்க. இத மண்ணுல போட்டா ஒண்ணும் மொளைக்காது.”

“பயிற்சி இல்லாதவங்க இப்படித்தான் பயப்படுவாங்க” என்று கிஷாந்த் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நானும் ஆங்கிலத்திலேயே தலையாட்டினேன்.

கூட்டெரு வந்தது, தக்காளி நாற்று நட்டோம். நாலாம் நாள் இலையெல்லாம் சுருண்டு, நாற்றுகள் ஒட்டுமொத்தமாகத் தலை சாய்ந்தன. அம்மையார் வர ஒரு வாரமே இருந்தது. துரைக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது ஒரு யோசனை பிறந்தது. அது என்னுடையது, அடக்கம் காரணமாக இதுவரை வெளியே சொல்லவில்லை.

மீனம்மா குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் ஒரு பாத்தி உண்டு. முன்பு வெறும் கல்லும் செங்கல் உடைசலும் கிடந்த இடம். நாலு வருசமாகக் கல் பொறுக்கி, சாணி சுமந்து, அடுப்புச் சாம்பலும் தேயிலைச் சக்கையும் உதிர்ந்த தழையும் போட்டு, முழங்கை ஆழத்துக்குக் கறுப்பு மண் ஆக்கி வைத்திருந்தார். அந்த வீட்டுக் கறி அதிலிருந்துதான் வரும். அவர் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்த ஒரு காலையில், இருபத்தெட்டுச் சாக்கு மண்ணைப் பங்களாவுக்கு ‘இடமாற்றம்’ செய்தோம். அவை யூரியா சாக்குகள். ‘இரசாயனமற்ற’ திட்டத்தின் கௌரவம் கருதி, எழுத்து உள்ளே போகும்படி சாக்குகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டோம்.

மத்தியானம் மீனம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

“கிளாக்கரையா, என் பாத்தியில மண்ணக் காணோம்.”

“காணாமல் போகல, மீனம்மா. முன்னேற்றத்துக்குப் போயிருக்கு.”

“எப்பங்க திரும்பி வரும்?”

முன்னேற்றத்துக்குப் போனது திரும்பி வருவதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? “பார்ப்போம்” என்றேன்.

அம்மையார் வந்த அன்று பாத்தியில் ‘கரட்’ என்று பலகை நட்டிருந்தோம். ஆனால் பச்சைப்பசேலென்று முளைத்து நின்றது பீன்ஸ், எங்கள் பேச்சில் போஞ்சி. வரிசையும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. ஒன்று பலகைக் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மண் அள்ளியதற்கு இரண்டு நாள் முன்னதாக மீனம்மா ஊன்றிய விதைகளையும் சேர்த்தே அள்ளியிருக்கிறோம்.

“இது கரட் இல்லையே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அம்மையார்.

“மண் நல்லா இருந்தா விதையே தேவையில்லை, மேடம்” என்றார் கிஷாந்த். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

மாலை போட நிறுத்தியிருந்த பெண்களில் மீனம்மாவும் ஒருவர். மாலையைக் கையில் பிடித்தபடியே, “அது என் மண்ணுங்க. அது என் போஞ்சிங்க” என்றார். அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“இந்த மண்ணைத் தன் சொந்த மண்ணாகவே நினைக்கிறாராம்” என்றேன்.

அம்மையார் கண்கலங்கி மீனம்மாவைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கிஷாந்துக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. பிறகு லயத்தைப் பார்க்கப் போனோம். பின்புறம் பெரிய பள்ளம். அதில் மழைத் தண்ணீர். தண்ணீரில் நெளியும் கொசுப் புழுக்கள், அலுவலக மொழியில் நுளம்புக் குடம்பிகள். அம்மையார் முகம் சுளித்தார். துரை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் கடிதம் டைப் அடித்தேன். ‘தோட்டக் காணியில் அனுமதியின்றிக் குழி தோண்டி, நுளம்பு பெருக இடமளித்தமை. பதினான்கு நாட்களுக்குள் குழியை மூடத் தவறினால், லயத்துக்குப் பின்னால் பயிரிட இனி அனுமதி இல்லை.’ என் பதினெட்டு வருச உத்தியோகத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத கடிதம் அது.

மீனம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“மூட மண்ணுக்கு எங்கங்க போறது?”

பங்களாப் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டேன். “மாதிரித் தோட்டத்துல பயிற்சி நடக்குது. வாங்களேன். மண்ண எப்படி உண்டாக்குறதுன்னு சொல்லித் தருவாங்க.”

மீனம்மா கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினார்.

“வர்றேங்க. அதுக்கு முன்னால நீங்க ஒரு நாள் லயத்துக்கு வாங்க. திருடாம எப்படி உண்டாக்குறதுன்னு நான் சொல்லித் தர்றேன்.”